பத்து மணிப் பால்

அரசாங்கப் பதிவேட்டில் நான் பொய் எழுதியிருக்கிறேன். தெரிந்தேதான் எழுதினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில் எழுதினேன். அதற்காக எனக்கு ஒரு பொழுதும் வருத்தம் வந்தது கிடையாது. வருத்தமெல்லாம் அதற்கு முந்திய ஒரு வருஷம் அதே பதிவேட்டில் கோடு பிசகாமல் எழுதினேனே, அதை நினைத்துத்தான்.

அறுபதுகளின் தொடக்கம். மதுரையில் பிரசவப் பயிற்சி முடித்த கையோடு, சிவகாசியிலிருந்து தாயில்பட்டிக்குப் போகிற பாதையில் ஓர் ஊரில் இருந்த தாய் சேய் நல நிலையத்தில் என்னைப் போட்டார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எழுத்துக் கோணினால் விரல் முட்டியில் அடி விழும் வீட்டில் வளர்ந்ததால் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாயை வைத்துக்கொண்டு நீ எங்கே போய் உத்தியோகம் பார்க்கப் போகிறாய் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டேதான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு பிரசவக் கட்டில், பிள்ளைகளை எடை போட ஒரு தராசு, நான், ஓர் ஆயா. ஆயாவுக்கு நாற்பது வயது இருக்கும். அதே ஊர்க்காரி, புருஷனை இழந்தவள். அந்த ஊரில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் படித்தவள் அல்லவா.

நிலையத்துக்குப் பால்மாவு வரும். கெட்டி அட்டையில் செய்த பெரிய டிரம், தகர மூடி, பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து. கடல் கடந்து கப்பலில் வந்த மாவு. வெந்நீரில் கரைத்தால் பாலாகிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், பிள்ளை உண்டான பெண்களுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும் தினம் ஒரு டம்ளர். அறுபது பேருக்கு அளவு. அதற்குச் சட்டதிட்டம் உண்டு. காலை பத்து மணிக்குத்தான் கொடுக்க வேண்டும். நிலையத்தில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தாய் நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். பிள்ளை என் கண் முன்னால் குடித்து முடிக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் டீக்கடையில் கொண்டுபோய் விற்றுவிடுவார்களாம். யார் அப்படி விற்றார்கள், எந்தக் கடை வாங்கியது என்று நான் கேட்டதில்லை.

பத்து மணிக்கு யார் வருவார்கள்? வர முடிந்தவர்கள் வருவார்கள். மளிகைக் கடைக்காரர் மனைவி வருவார். சாலை கான்ட்ராக்டர் வீட்டம்மா பேரப்பிள்ளையையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வருவார். காலைச் சமையலை முடித்து, பிள்ளைக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக் கூட்டிவருவார்கள். சில பிள்ளைகள் பாதி குடித்துவிட்டுத் தலையை ஆட்டும். தாய் மடியில் வைத்துக் கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைப்பாள். எனக்குப் பார்க்கவே நிறைவாக இருக்கும். அறுபது கைநாட்டும் வரிசையாக விழும். மாதம் ஒரு முறை நிலையத்தைச் சோதிக்க வரும் ஹெல்த் விசிட்டர் அம்மா என் பதிவேட்டை மற்ற நிலையங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதாகக் கேள்விப்பட்டு, அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்தப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஊரில் இன்னும் சேராத தாய்களும் பிள்ளைகளும் எத்தனை, சேராததற்குக் காரணம் என்ன என்று அதில் எழுத வேண்டும். முதல் மாதம் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று விசிட்டர் அம்மாவிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அறியாமை என்று எழுது, எல்லா நிலையத்திலும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். நானும் எழுதினேன். பன்னிரண்டு மாதம் பன்னிரண்டு தடவை, முத்து முத்தாக, அறியாமை.

சேராதவர்கள் யார் என்று இப்போது சொல்கிறேன். ஊருக்குக் கீழ்ப்பக்கம் இரண்டு தெரு. முன்பு கரிசல் காட்டில் களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள். மழை தவறித் தவறிக் காட்டு வேலை குறைந்துபோன பிறகு, பாதிப் பேர் விடியுமுன் கிளம்பிச் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போனார்கள். அங்கெல்லாம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். மீதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார்கள். மெல்லிய மரத்தகட்டை மடித்து, மேலே நீலத்தாள் சுற்றிப் பசை தடவி ஒட்டினால் பெட்டி. குச்சி வைக்கும் அடிப்பெட்டி தனி, மேல்பெட்டி தனி. காலையில் உட்கார்ந்தால் சாயந்தரம் நாலு மணிக்குக் கம்பெனி ஏஜண்டு வருவதற்குள் இத்தனை குரோஸ் என்று முடித்தாக வேண்டும், குரோசுக்கு நூற்று நாற்பத்து நாலு பெட்டி. இடையில் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்து, என் முன்னால் வரிசையில் நின்று, பால் குடிக்க வைத்துத் திரும்பினால் அன்றைய பெட்டி முடியாது. முடிக்காதவளுக்கு மறுநாள் தகடு குறையும். இதையெல்லாம் ஆயா இரண்டு தடவை ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஓசிப் பாலுக்கு ஓர் அரைமணி நேரம் ஒதுக்க முடியாதா என்று நான் சள்ளென்று விழுந்திருக்கிறேன்.

பங்குனி மாதம் ஒரு நாள். உச்சி வெயில். பால் கொடுத்து முடித்து டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தோம். கீழ்த்தெருவிலிருந்து ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. விரலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்ததுபோல் இருந்தது. பிள்ளை பதினாலு மாதப் பெண். உதட்டோரம் பச்சையும் நீலமுமாக வாந்தி வழிந்தது.

பிள்ளை பசையைக் குடித்துவிட்டது என்றாள். அந்தப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். பூச்சியும் எலியும் பெட்டியை அரிக்காமல் இருக்க அதைப் போடுவார்கள். துத்தம் விஷம். ஆயா பக்கத்து வீட்டுக்கு ஓடி இரண்டு முட்டை வாங்கி வந்தாள். வெள்ளைக் கருவை ஊட்டினோம். டிரம்மைத் திறந்து ஒரு டம்ளர் பால் கரைத்துக் கொடுத்தேன். கக்கினாள். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். நீலமாக வந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாக வந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளை அழத் தொடங்கியபோதுதான் நான் சுவரில் சாய்ந்தேன். அவ்வளவு நேரம் அதற்கு அழக்கூடத் தெம்பு இல்லை.

பிள்ளை எப்படிப் பசையை எடுத்தது என்று அதட்டினேன். சிரட்டையில் வைத்திருந்தேன், தவழ்ந்து வந்து கையை விட்டுவிட்டாள் என்றாள். ஆயா பிள்ளையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையில் பசை இல்லை. கன்னத்தில், சட்டையில், எங்கும் இல்லை. வாய்க்குள் மட்டும்தான் இருந்தது. இது தவழுற பிள்ளையும் இல்லையே என்று ஆயா மெதுவாகச் சொன்னாள். அது உண்மைதான். பதினாலு மாதப் பிள்ளை உட்காரவே தடுமாறியது.

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கஞ்சிதான் காச்சினேன், நர்சம்மா. பசைக்குக் குடுக்குற கம்பெனி மாவு. எப்பமும் துத்தத்தத் தனியாப் பொட்டணங்கட்டிக் குடுப்பாக. அதப் போடுறதுக்கு முன்ன ஒரு கை மாவு எடுத்து வச்சுக்கிடுவேன். இந்த வட்டம் அங்கனயே கலந்து குடுத்துட்டாக போல. காச்சும்போது லேசா நீலம் பூத்துச்சு. பசைச் சட்டி எப்பமும் நீலமாத்தான இருக்கும், சட்டியோட சாயம்னு நெனச்சுட்டேன்."

அந்தத் தெருவைத் தவிர வேறு எங்கே ஒரு தாய் இப்படி ஏமாந்திருக்க முடியும்? ஒரே சட்டிதான் அவளிடம் இருந்தது. அதில்தான் பசை, அதில்தான் கஞ்சி.

பிறகு அவள் என் காலைப் பிடிக்க வந்தாள். பிள்ளை பிழைத்ததற்காக அல்ல. நான் இதை எழுதிவிடக் கூடாது என்பதற்காக. கம்பெனி மாவைத் தின்றாள் என்று ஏஜண்டுக்குத் தெரிந்தால் பெட்டி தரமாட்டார். அவள் புருஷன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் லோடு ஏற்றுகிறவன், வாரத்துக்கு ஒரு தடவைதான் வந்து போவான். பெட்டி நின்றால் அடுப்பு நிற்கும். நான் கோபத்தில், பிள்ளைக்கு இங்கே தினமும் பால் கொடுக்கிறோமே, கூட்டிக்கொண்டு வருவதற்கென்ன என்று கத்தினேன். அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"வந்தேனே நர்சம்மா. போன ஐப்பசியில வந்தேன். வர்றதுக்குள்ள பதினொண்ணாயிருச்சு. டம்ளரைக் கவுத்தாச்சு, நேரத்துக்கு வரத் தெரியாதான்னு நீங்கதான் சொன்னீக."

எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் அவள் முகம் நினைவுக்கு வரவில்லை. அந்த ஐப்பசி மாத அறிக்கையில் அவளும் பிள்ளையும் ஓர் எண்ணாக இருந்திருப்பார்கள், பக்கத்தில் அறியாமை என்று இருந்திருக்கும். எனக்கு என்மேல் வந்த அருவருப்பை இன்றும் சொல்ல முடியவில்லை. துத்தம் குடித்ததால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு டம்ளர் பால் கிடைத்தது. வெறும் பசியாக இருந்திருந்தால் பத்து மணிக்கு வரச் சொல்லியிருப்பேன்.

அன்று நாலு மணிக்கு நான் ஏஜண்டோடு சண்டை போடப் போனேன். கீழ்த்தெருக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. அங்கேதான் அவர் பெட்டிகளை வாங்கிக்கொண்டு மறுநாளைக்குத் தகடும் தாளும் மாவும் கொடுப்பார். வெள்ளைச் சட்டை, மூக்குப்பொடி வாசனை, மரியாதையான பேச்சு. கொடுமைக்காரர் மாதிரித் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கீழ்த்தெருப் பெண்ணைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மாவில் ஏன் முன்கூட்டியே துத்தம் கலக்கிறீர்கள், வீட்டில் பச்சைப்பிள்ளைகள் இருக்கின்றன என்று மட்டும் கேட்டேன்.

அவர் சிரித்தார். எல்லா வீட்டுக்கும் கலப்பதில்லை என்றார். சில வீடுகளில் மாவு குறைகிறது, பசை நீர்த்துப்போகிறது, பெட்டி வாய் பிளக்கிறது. அந்த வீடுகளுக்கு மட்டும் கம்பெனியிலேயே கலந்து வரும். எந்த வீடு என்று எப்படித் தெரியும் என்றேன். நோட்டைத் திறந்து காட்டினார். பெட்டி ஒட்டும் வீடுகளின் வரிசை. சிலவற்றின் முன்னால் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "மாவத் திங்கிற வீடுக," என்றார். "எனக்குத் தெரியாம இங்கன ஒண்ணும் நடக்காது நர்சம்மா. கையும் களவுமா ஆம்புட்டா அன்னைக்கே பெட்டிய நிறுத்திருவேன். நீங்களும் நாலு வார்த்த கண்டிச்சு வைங்க."

கண்டிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, குறி போட்ட வீடுகளை நான் எழுதிக்கொள்ள விட்டார். முப்பத்தெட்டு வீடு. நிலையத்துக்குத் திரும்பி என் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாரும் எடுத்துக்காட்டு என்று மெச்சிய பதிவேடு. அந்த முப்பத்தெட்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஏஜண்டுக்கு, எந்த வீட்டில் பசி என்று வீடு வீடாகத் தெரிந்திருந்தது. பசியைத் தீர்க்க வந்தவள் என்று சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. அவர் தெரிந்து துத்தம் கலந்தார், நான் தெரியாமல் அறியாமை என்று எழுதினேன். எது மோசம் என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வந்தவர்களிடம், இனி உங்களில் இருபத்திரண்டு பேருக்குத்தான் பால், மீதி முப்பத்தெட்டு டம்ளர் கீழ்த்தெருவுக்கு என்று சொன்னேன். பிள்ளை எடை குறைந்தவர்கள், உண்மையாகவே தேவைப்பட்டவர்கள் என்று தராசில் போட்டுப் பார்த்துப் பிரித்த இருபத்திரண்டு பேர். அவர்களும் இனி நாலு மணிக்குக் கிணற்றடிக் கொட்டகைக்கு வர வேண்டும். மற்றவர்கள் வீட்டில் மாடு இருக்கிறது, கறந்து கொடுங்கள் என்றேன். கான்ட்ராக்டர் வீட்டம்மா, அந்தத் தெருவில் புழங்கிய டம்ளரையா மறுபடி இங்கே கொண்டுவருவாய் என்று கேட்டார். கொண்டுவர மாட்டேன், நீங்கள்தான் வரப்போவதில்லையே என்றேன். அம்மா பயந்தது என் இந்த வாய்க்குத்தான்.

ஆயா தயங்கினாள். வேலை போய்விடும் என்றாள். போகட்டும் என்று நான் வீராப்பாகச் சொன்னதும் ஒரு பார்வை பார்த்தாள். "ஒங்களுக்குப் போனா வாத்தியார் வீட்டுக்குப் போவீக. நான் எங்கன போவேன்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். நின்னுக்கிட்டே இருந்தா பாலு ஆறிரும் என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

இப்படித்தான் நாலு மணிப் பால் தொடங்கியது. தாய்மார் எப்படியும் பிள்ளையோடும் பெட்டியோடும் வந்து காத்து நிற்கும் இடம் அது. ஏஜண்டு பெட்டியைச் சரிபார்க்கும் நேரத்தில் இந்தப் பக்கம் நாங்கள் டம்ளரை நீட்டினோம். யாரும் ஒரு பெட்டி குறைய வேண்டியதில்லை. யாரும் அரை மைல் நடக்க வேண்டியதில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் வாளி காலியாகும். பாதி குடித்துவிட்டுத் தலையாட்டிய பிள்ளை ஒன்றுகூட இல்லை.

பதிவேட்டில் மட்டும் பத்து மணி, நிலையத்தில் வைத்து என்றே எழுதினேன். நீக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நேராக, வெளியூர் சென்றுள்ளனர் என்று எழுதினேன். அந்தப் பிள்ளைகள் அவரவர் வீட்டு முற்றத்தில் தோசை தின்றுகொண்டிருந்தன. இதுதான் நான் எழுதிய பொய். அந்தக் கோடை முழுக்க விசிட்டர் அம்மாவை அம்மை ஊசி வேலைக்குப் போட்டிருந்ததால் யாரும் பதிவேட்டைப் பார்க்க வரவில்லை. ஏஜண்டு மாவில் துத்தம் கலப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அந்த வீடுகளில் மாவு குறைவது குறைந்தது. ஏன் என்று அவருக்கும் தெரிந்தது, பேசாமல் இருந்துவிட்டார்.

கான்ட்ராக்டர் வீட்டிலிருந்து மனு போனது. ஆடி மாதம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விசிட்டர் அம்மா வந்து இறங்கினார். சரியாகப் பத்து மணி. நிலையத்தில் ஓர் ஈ காக்கை இல்லை. பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். திறக்க வரவில்லை. கைநாட்டு வைத்த பெண்களின் விரலில் இருந்த பசை, தாளையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தது. கொண்டை ஊசியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தார். அவர் பெருமையாகப் பேசிய பதிவேட்டின் கதி அப்படி ஆயிற்று. இது என்ன என்றார். பசை என்றேன். வந்து வைத்த தாய்மார் எங்கே என்றார். நாலு மணிக்கு என்னோடு வாருங்கள், காட்டுகிறேன் என்றேன்.

பத்து மணியிலிருந்து நாலு மணி வரை என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். ஆயா கொடுத்த மோரை மட்டும் குடித்தார். அவரும் ஏழை வீட்டிலிருந்து படித்து வந்தவர்தான். சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தவர். அவரை வில்லி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே கொதித்தது.

நாலு மணிக்கு எல்லாரும் கொட்டகையில் இருந்தார்கள். கடகப்பெட்டி நிறையத் தீப்பெட்டி, இடுப்பில் பிள்ளை. ஏஜண்டும் இருந்தார். விசிட்டர் அம்மா கூட்டத்தைப் பார்த்து நிதானமாகவே பேசினார். பால் நிலையத்தில் வைத்துக் காலை பத்து மணிக்குத்தான் கொடுக்கப்படும், நாளையிலிருந்து அங்கே வராதவர்களின் பெயர் அடிக்கப்படும், இது அரசாங்க விதி என்றார். நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாருடைய கண்ணும் ஏஜண்டின் நோட்டின் மேல் இருந்தது. அவர் முன்னால் யார் வாயைத் திறப்பார்கள்?

அந்தப் பெண் பிள்ளையை ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என் காலைப் பிடிக்க வந்தவள்தான். குரல் நடுங்கியது. ஆனால் நிறுத்தாமல் பேசினாள்.

"அம்மா, ஏஜண்டு அய்யா நிக்காகல்ல, அவுக முன்னாலயே சொல்றேன். கம்பெனி மாவ எடுத்து எம் பிள்ளைக்குக் கஞ்சி காச்சுனவ நான்தான். துத்தம் கலந்திருந்தது தெரியாம ஊட்டிட்டேன். சாகக் கெடந்து பொழச்சா. இந்தப் பாலு வந்த பெறகு அந்த மாவ நான் தொடல. நாளைக்கு இது நின்னுச்சுன்னா மறுபடியும் எடுக்கத்தான் செய்வேன். பத்து மணிக்கு என்னால வர முடியாது. அம்புட்டுத்தான். எங்கன எழுதணுமோ எழுதிக்கிடுங்க."

தன் பிழைப்பை எடுத்து அந்தக் கொட்டகை நடுவில் வைத்துவிட்டாள். நான் நாலு மாதமாகப் பொத்திப் பொத்திப் பாதுகாத்த ரகசியம் அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே, பேச விடாமல் என்னைத் தடுத்தது நல்லதாகப் போயிற்று என்றும் தோன்றியது. நான் எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

விசிட்டர் அம்மா ஏஜண்டைப் பார்த்து, துத்தமா என்று கேட்டார். அவர் நோட்டைப் புரட்டினார். விசிட்டர் அம்மா, குறி போட்ட வீடுகளுக்கென்று தனியே இருந்த மாவுச் சாக்கில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி அதில் போட்டுக் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நீலமாயிற்று. அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைத் தரையில் கொட்டிவிட்டு, என்னிடமிருந்து பதிவேட்டை வாங்கினார். காலை பத்து மணி என்று அச்சிட்டிருந்ததை அடித்து, மாலை நான்கு மணி, கிணற்றடிக் கொட்டகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ்சுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

ஏஜண்டு அந்தப் பெண்ணுக்குப் பெட்டியை நிறுத்தினார். நிறுத்தத்தான் செய்தார், கதையில் வருவதுபோல் மனம் மாறிவிடவில்லை. பதினொரு நாள் அவளுக்குத் தகடு இல்லை. அந்தப் பதினொரு நாளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்களுக்குக் கிடைத்த தகட்டில் கொஞ்சம் அவளுக்குக் கொடுத்து, அவள் ஒட்டிய பெட்டியைத் தங்கள் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு பெரிய ஆர்டர் ஒன்று வந்து கை போதாமல் ஆனதும், ஏஜண்டே வந்து கூப்பிட்டார். துத்தமும் பழையபடி தனிப் பொட்டணமாக வரத் தொடங்கியது. யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு வாரத்தில் மெமோ வந்தது. அனுப்பியவர் அதே விசிட்டர் அம்மா. அனுமதியில்லாமல் நேரத்தையும் இடத்தையும் மாற்றியதற்கும், உண்மைக்கு மாறாக எழுதியதற்கும் விளக்கம் கேட்டிருந்தார். நேரத்தை மாற்றியவரும் அவர்தான், ஏன் மாற்றினாய் என்று கேட்டவரும் அவர்தான். நான் உட்கார்ந்து பதில் எழுதினேன். ஒரு வருஷமாக இந்தப் பதிவேட்டில் அறியாமை என்று எழுதிவந்தேன், அது சரியான காரணம்தான், யாருடைய அறியாமை என்று எழுதத் தவறிவிட்டேன், என்னுடையது என்று இப்போது சேர்த்துக்கொள்ளவும். இவ்வளவுதான் எழுதினேன். கண்டிக்கப்பட்டார் என்று என் பணிப் புத்தகத்தில் ஏறியது. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை அது அங்கேயே இருந்தது. யாராவது அதைக் காட்டி ஏன் என்று கேட்டால் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கும், உட்காரச் சொல்லி முழுக் கதையையும் சொல்லிவிடுவேன்.

சாதித்துவிட்டேன் என்று மார் தட்டிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. விடியுமுன் சிவகாசிப் பக்கம் கிளம்பி விளக்கு வைத்த பிறகு திரும்பிய தாய்மாரை நாலு மணியும் எட்டவில்லை. அவர்கள் பிள்ளைகள் அந்தப் பதிவேட்டில் கடைசிவரை ஏறவில்லை. அந்தக் கட்டத்தில் அதற்குப் பிறகு நான் அறியாமை என்று எழுதவில்லை. தாய் வேலையில் இருக்கிறாள், நாம் இல்லை என்று எழுதினேன். ஒவ்வொரு மாதமும் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள், மறுமாதமும் அதையே எழுதினேன்.

மெமோவுக்குப் பதில் எழுதித் தபாலில் சேர்த்த அன்று சாயந்தரம் கொட்டகையில் வழக்கம்போல் கூட்டம். அந்தப் பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நிற்கப் பழகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே மூச்சில் குடித்து, காலி டம்ளரை என்னிடம் நீட்டியது. ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர்தான் என்று ஆயா சொன்னாள். பிள்ளை டம்ளரை இறக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது, முகத்தில் கெஞ்சல் இல்லை, கோபம்தான் இருந்தது. எனக்கு அந்தக் கோபம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாளியிலிருந்து மொண்டு ஊற்றினேன். அதையும் குடித்தாள்.

பதிவேட்டில் ஒன்று என்று எழுதினேன்.